நம் காருக்கு ஏற்ற எண்ணெய் எது?

நமது தோட்டங்களின் வாழ்க்கை பெரிதும் மாறிவிட்டது. ஒரு காலத்தில் லயத்திலிருந்து வெட்டுக்காட்டுக்கு நடந்தே சென்றோம். பள்ளிக்கூடம், கோவில், மருந்தகம், கடை எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே இருந்தன. இன்று பல தோட்டங்களில் பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவே மாறிவிட்டன. பிள்ளைகள் பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குச் செல்ல வேண்டும். வயதான பெற்றோரை அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மகனோ மகளோ தொலைவிலுள்ள தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார்கள். ஆகவே, கார் என்பது தோட்டப்புறக் குடும்பத்துக்கு இனி ஆடம்பரப் பொருளன்று; அன்றாடத் தேவையாகிவிட்டது.

இத்தகைய கார் பெரும்பாலும் ஒருவர் ஓட்டிப் பழகிய பிறகு நம் கைக்கு வருவது. கையிருப்பையெல்லாம் திரட்டி, மீதிக்குக் கடன் பெற்று வாங்கியது. அதன் எஞ்சின் ஒருநாள் இறுகிப்போய் நின்றுவிட்டால் நேரும் இழப்பு சிறிதன்று. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம் மாதத்துக்கு 1,700 வெள்ளி. எஞ்சினை முழுவதுமாகப் பிரித்துப் பழுது பார்க்கும் செலவு அப்படிப்பட்ட ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடக் கூடும். இதற்குக் காரணம் பல வேளைகளில் ஒன்றே ஒன்றுதான்: எண்ணெயைக் கவனியாமல் விட்டது, அல்லது தவறான எண்ணெயை ஊற்றியது.

நாம் பேச்சு வழக்கில் 'மினியாக் ஈத்தாம்' என்றும் 'கறுப்பு எண்ணெய்' என்றும் குறிப்பிடும் எஞ்சின் எண்ணெயைப் பற்றியே இங்கு விளக்க முற்படுகிறோம். கடையில் வரிசை வரிசையாகப் போத்தல்கள் நிற்கின்றன. ஒன்றன் விலை மற்றொன்றைப் போல் இரு மடங்கு, மூன்று மடங்காக இருக்கிறது. 'முழுச் செயற்கை எண்ணெய்', 'பாதிச் செயற்கை எண்ணெய்', 'கனிம எண்ணெய்' என்று மூன்று வகை சொல்கிறார்கள். விலை உயர்ந்ததை வாங்குவதா, மலிவானதை வாங்குவதா? இரண்டும் சரியான கேள்விகள் அல்ல. "நம் எஞ்சினுக்கு விதிக்கப்பட்ட எண்ணெய் எது? அதை நாம் உரிய காலத்தில் மாற்றுகிறோமா?" என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

எண்ணெய் செய்யும் வேலை

எஞ்சின் எண்ணெய் வழவழப்புக்கு மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது ஐந்து வேலைகளைச் செய்கிறது. ஒன்று, உலோகமும் உலோகமும் உராயாமல் நடுவே மெல்லிய படலமாக நிற்கிறது. இரண்டு, நீர் எட்டாத உட்பகுதிகளிலிருந்து சூட்டை வாங்கிக் கொண்டு வருகிறது. மூன்று, கரியையும் அழுக்கையும் தன்னுள் ஏந்திச் சென்று வடிகட்டியில் சேர்க்கிறது. நான்கு, பிஸ்டனுக்கும் அதன் உருளைச் சுவருக்கும் இடையேயுள்ள நுண்ணிய இடைவெளியை அடைத்து, விசை வீணாகாமல் காக்கிறது. ஐந்து, உட்பாகங்கள் துருப்பிடியாமல் பாதுகாக்கிறது.

எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழலும்போது ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு வினாடியில் 50 முறை மேலே ஏறி, 50 முறை கீழே இறங்குகிறது. இந்த ஓட்டத்தைத் தாங்கி நிற்பது தலைமயிரினும் மெல்லிய எண்ணெய்ப் படலந்தான். அது அறுந்தால் உலோகம் உலோகத்தைத் தின்னத் தொடங்கும்.

போத்தலின் மீதுள்ள எண்கள்

எண்ணெய்ப் போத்தலின் மீது 5டபிள்யூ-30, 10டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்றவாறு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்காவில் 1905-ஆம் ஆண்டு தோன்றிய எஸ்.ஏ.இ. என்னும் பொறியாளர் சங்கம் 1911-ஆம் ஆண்டு முதல் வகுத்து வரும் அளவு இது. இந்த எண்கள் எண்ணெயின் பாகுத்தன்மையை, அதாவது அது எவ்வளவு தடிப்பாக அல்லது நீர்ப்பாக ஓடும் என்பதைக் குறிக்கின்றன.

பாகுத்தன்மையை நம் வீட்டுச் சமையலறையிலேயே காணலாம். சமவெளியில் உள்ள நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் நீர்போல் ஓடும். அதே போத்தலைக் கேமரன் மலைக்குக் கொண்டு சென்றால் இரவுக் குளிரில் உறைந்து, காலையில் ஊற்ற வராது. குளிர்ந்தால் தடிப்பதும், சுட்டால் இளகுவதும் எல்லா எண்ணெய்க்கும் உள்ள இயல்பு. எஞ்சினுக்கோ இரண்டு நிலையிலும் எண்ணெய் ஒழுங்காக ஓட வேண்டும். காலையில் வண்டியைக் கிளப்பும்போது அது தடித்து நிற்கலாகாது. நெடுஞ்சாலையில் சூடேறி ஓடும்போது நீராய் இளகிவிடவும் கூடாது. ஆகவேதான் ஒன்றுக்கு இரண்டு எண்களைக் குறிப்பிடுகின்றனர்.

முதல் எண்ணோடு வரும் 'டபிள்யூ' என்னும் எழுத்து, குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. எண் குறையக் குறைய, கடுங்குளிரிலும் எண்ணெய் எளிதில் ஓடும் என்பது பொருள். இங்கே ஒரு செய்தியை நாம் கவனிக்க வேண்டும். 10டபிள்யூ எண்ணெயைப் பூஜ்யத்துக்குக் கீழே 25 பாகை செல்சியஸ் குளிரிலும், 5டபிள்யூ எண்ணெயைப் பூஜ்யத்துக்குக் கீழே 30 பாகையிலும் சோதிக்கின்றனர். நம் நாட்டில் கேமரன் மலையின் குளிர்ந்த இரவுகூட அந்த நிலைக்கு அருகே செல்வதில்லை. எனவே, முதல் எண்ணில் உள்ள சிறு வேறுபாடு பனி பொழியும் நாடுகளில் தரும் பெரும்பயனை நமக்குத் தருவதில்லை. அதற்காகவே கூடுதல் விலை கொடுப்பது அவசியமன்று.

இரண்டாவது எண் நமக்கு மிகவும் முக்கியமானது. எஞ்சின் நன்கு சூடேறிய நிலையில், 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில், எண்ணெய் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதை அது காட்டுகிறது. 20 என்பது மெல்லியது, 30 நடுத்தரம், 40 தடிப்பு, 50 அதனினும் தடிப்பு.

'தடித்த எண்ணெய் நல்லது, அது எஞ்சினைக் காக்கும்' என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. இது பாதி உண்மையே. இக்கால எஞ்சின்களில் பாகங்களுக்கு இடையேயுள்ள இடைவெளி மிகக் குறுகியது. எண்ணெய் செல்லும் வழிகளும் நுண்ணியவை. வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் கருவி எண்ணெயின் அழுத்தத்தாலேயே இயங்குகிறது. பெரோடுவா நிறுவனம் தன் புதிய எஞ்சின்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20 என்ற மெல்லிய எண்ணெயைப் பரிந்துரைப்பது இக்காரணங்களாலும், பெட்ரோல் சிக்கனத்தைக் கருதியும் ஆகும். அத்தகைய எஞ்சினில் 20டபிள்யூ-50 எண்ணெயை ஊற்றினால், கிளப்பிய உடனே மேற்பகுதிகளுக்கு எண்ணெய் சென்று சேர்வதில் தாமதம் ஏற்படும். பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். மறுபுறம், இரண்டு இலட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த பழைய எஞ்சினில் 0டபிள்யூ-20 எண்ணெயை ஊற்றினால், அகன்றுபோன இடைவெளிகளில் அது தங்காமல் நழுவும்; அழுத்தம் குறையும்; எண்ணெய் எரிந்து நீலப்புகை கிளம்பும். ஆகவே, தடிப்பும் நல்லதன்று, மெல்லியதும் நல்லதன்று. எஞ்சினுக்குப் பொருந்துவதே நல்லது.

தரத்தைக் காட்டும் எழுத்துகள்

எண்களோடு இரண்டு எழுத்துகளும் போத்தலில் காணப்படும். ஏ.பி.ஐ. எனப்படும் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வழங்கும் தரக் குறியீடு அது. 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு உரியது. 'சி' என்று தொடங்கினால் டீசல் எஞ்சினுக்கு உரியது. இரண்டாவது எழுத்து ஆங்கில அகரவரிசைப்படி முன்னேறி வருகிறது. எழுத்து எவ்வளவு பின்னே வருகிறதோ, அவ்வளவு புதிய தரம். எஸ்.எல். 2001-ஆம் ஆண்டிலும், எஸ்.என். 2010-ஆம் ஆண்டிலும், எஸ்.பி. 2020-ஆம் ஆண்டிலும், எஸ்.க்யூ. 2025-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன.

கையேட்டில் எஸ்.எல். என்று கூறியிருந்தால், பாகுத்தன்மை எண் பொருந்தும் வரை, அதற்குப் பின்வந்த எஸ்.என். அல்லது எஸ்.பி. தர எண்ணெயைப் பயன்படுத்தலாம். ஆனால், எஸ்.பி. கேட்கும் எஞ்சினுக்குப் பழைய தர எண்ணெயை ஊற்றுதல் தவறு. குறிப்பாக, டர்போ பொருத்திய சிறிய எஞ்சின்களில், குறைந்த சுற்றில் வேகத்தை மிதிக்கும்போது எரிபொருள் உரிய நேரத்துக்கு முன்பே தீப்பற்றிப் பிஸ்டனை உடைக்கும் அபாயம் உண்டு. அதைத் தடுக்கும் சோதனையில் தேறிய எண்ணெய்களுக்கே எஸ்.பி. தரம் வழங்கப்படுகிறது.

'செயற்கை' என்னும் சொல்

ரப்பர்த் தொழிலாளர்களாகிய நமக்குச் 'செயற்கை' என்னும் சொல் புதிதன்று. 1942-ஆம் ஆண்டில் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியபோது, நம் தோட்டங்களின் ரப்பர் அமெரிக்காவுக்குக் கிட்டாமல் போயிற்று. அந்நாடு பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பரைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கிற்று. அதோடு பால்மரத்தின் காலம் முடிந்தது என்று கூறியவர்களும் உண்டு. ஆனால், விமானச் சக்கரங்களின் டயர்களுக்கு இன்றளவும் இயற்கை ரப்பரே பெரிதும் தேவைப்படுகிறது. ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்பதன்று. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய இடம் உண்டு. எண்ணெயின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

பூமியிலிருந்து எடுத்த கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துப் பெறுவது கனிம எண்ணெய். அதில் பெரிதும் சிறிதுமான மூலக்கூறுகள் கலந்திருக்கும். சிறிதளவு மெழுகும் அழுக்கும் தங்கியிருக்கும். செயற்கை எண்ணெயிலோ மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே அளவினதாய் அமையுமாறு தொழிற்சாலையில் உருவாக்கப்படுகின்றன. இதனால் கடும் வெப்பத்தில் அது எளிதில் ஆவியாவதில்லை, விரைவில் கெடுவதில்லை, கசடு கட்டுவதும் குறைவு. சூட்டிலும் குளிரிலும் அதன் பாகுத்தன்மை மிகுதியாக மாறுவதில்லை.

ஆனால், போத்தலில் 'முழுச் செயற்கை' என்று அச்சிட்டிருப்பவை யாவும் ஒரே பொருளன்று. எண்ணெய்களின் மூலப்பொருளை ஐந்து தொகுதிகளாகப் பிரித்துள்ளனர். நான்காம் தொகுதி முற்றிலும் வேதியியல் முறையில் கட்டப்பட்டது. மூன்றாம் தொகுதி கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் வாயுவின் துணையோடு மிக உயர்ந்த அளவில் மாற்றியமைத்துப் பெறுவது. மூன்றாம் தொகுதியையும் 'செயற்கை' என்று விளம்பரம் செய்யலாமா என்ற வழக்கு அமெரிக்காவில் விளம்பரங்களை ஆராயும் அமைப்பின் முன் சென்றது. செய்யலாம் என்று 1999-ஆம் ஆண்டில் முடிவாயிற்று. அதன்பின் கடைகளில் செயற்கை எண்ணெய் என்று விற்கப்படுவனவற்றுள் பல மூன்றாம் தொகுதியைச் சேர்ந்தவையே.

இதனால் மூன்றாம் தொகுதி தாழ்ந்தது என்று எண்ண வேண்டா. நம் நாட்டிலேயே மலாக்காவில் பெட்ரோனாஸ் நிறுவனம் இவ்வகை எண்ணெயை உற்பத்தி செய்து வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறது. சரவாக் மாநிலத்தின் பிந்துலுவில் இயற்கை வாயுவைத் திரவ எரிபொருளாகவும் மெழுகாகவும் மாற்றும் ஆலை 1993-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. செயற்கை எண்ணெய்த் தொழில் நமக்கு அயலானதன்று. நாம் உணர வேண்டியது இதுதான்: 'செயற்கை' என்னும் சொல் மட்டும் தரத்துக்குச் சான்றாகாது. பாகுத்தன்மை எண்ணும் தர எழுத்துமே சான்று. அவ்வாறே 'பாதிச் செயற்கை' என்பதற்கும் சரிபாதி என்று பொருள் கொள்ளலாகாது. எத்தனை பங்கு கலந்துள்ளது என்பதைப் போத்தல் பெரும்பாலும் கூறுவதில்லை.

கணக்குப் பார்ப்போம்

நம் நாட்டுப் பட்டறைகளில் கனிம எண்ணெயை 5,000 கிலோமீட்டரிலும், முழுச் செயற்கை எண்ணெயை 10,000 கிலோமீட்டரிலும் மாற்றுவது வழக்கம். பாதிச் செயற்கை எண்ணெய் இவற்றுக்கு இடைப்பட்டது. இதோடு 'அல்லது ஆறு மாதம், இவற்றுள் எது முந்தியதோ அது' என்ற நிபந்தனையும் கையேடுகளில் காணப்படும். இதனை மனத்தில் கொண்டு இரண்டு குடும்பங்களை எண்ணிப் பார்ப்போம். இருவரது வண்டிக்கும் கனிம எண்ணெய், செயற்கை எண்ணெய் இரண்டுமே பொருந்தும் என்று வைத்துக் கொள்வோம்.

முதல் குடும்பத்தின் கார் பள்ளிக்கும் கடைக்கும் மட்டுமே செல்கிறது. நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர். மாதத்தில் 26 நாள் ஓடினால் 650 கிலோமீட்டர். ஆறு மாதத்தில் 3,900 கிலோமீட்டர். கனிம எண்ணெய் ஊற்றினாலும் ஆறு மாதத்தில் மாற்ற வேண்டும். செயற்கை எண்ணெய் ஊற்றினாலும் ஆறு மாதத்தில் மாற்ற வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறைதான். விலை உயர்ந்த எண்ணெயின் நீண்ட ஆயுளில் பாதிக்கு மேல் பயன்படாமலே வடிக்கப்படுகிறது.

இரண்டாம் குடும்பத்தில் மகன் 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொழிற்சாலைக்குக் காரில் சென்று வருகிறார். நாளொன்றுக்கு 70, மாதத்துக்கு 1,820, ஆண்டுக்கு 21,840 கிலோமீட்டர். கனிம எண்ணெயாயின் ஆண்டுக்கு நான்கு முறை மாற்ற வேண்டும். செயற்கை எண்ணெயாயின் இரண்டு முறை போதும். எண்ணெயின் விலை இரு மடங்கானாலும், வடிகட்டியின் விலையும் கூலியும் பாதியாகின்றன. இவருக்குச் செயற்கை எண்ணெயே சிக்கனம்.

ஒரே தோட்டம், ஒரே வகைக் கார். ஆயினும் இருவருக்கும் விடை வெவ்வேறு. பக்கத்து வீட்டுக்காரர் ஊற்றுகிறார் என்பதற்காக நாமும் ஊற்றுவது அறிவுடைமையாகாது.

ஒன்றை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். குறைவாக ஓடும் கார் எண்ணெயைக் கெடுக்காது என்று முதல் குடும்பத்தார் எண்ணிவிடலாகாது. மூன்று நான்கு கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும் வண்டியில் எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதில்லை. எரியாத பெட்ரோலும் ஈரப்பசையும் எண்ணெயில் கலந்து, வெளியேற வழியின்றித் தங்கிவிடுகின்றன. தோட்டத்துச் செம்மண் பாதையின் புழுதியும் இதோடு சேர்கிறது. இத்தகைய ஓட்டத்தைக் 'கடினப் பயன்பாடு' என்று கையேடுகள் குறிப்பிட்டு, எண்ணெயை மேலும் முன்னதாக மாற்றச் சொல்கின்றன. காற்று வடிகட்டியையும் அடிக்கடி திறந்து பார்த்தல் நலம்.

பழைய வண்டிக்கு எது?

1985-ஆம் ஆண்டில் முதல் புரோட்டோன் சாகாவும், 1994-ஆம் ஆண்டில் பெரோடுவா கஞ்சிலும் வெளிவந்தன. அவற்றுள் பல இன்றும் தோட்டப்புறங்களில் ஓடிக் கொண்டிருக்கின்றன. கனிம எண்ணெய் பெருவழக்காக இருந்த காலத்து எஞ்சின்கள் அவை. கையேடு அனுமதிக்கும் பாகுத்தன்மையுள்ள நல்ல கனிம எண்ணெயை உரிய காலத்தில் மாற்றி வந்தாலே அவை நெடுங்காலம் உழைக்கும்.

பல்லாண்டு கவனிப்பின்றி ஓடிய பழைய எஞ்சினுக்குத் திடீரெனச் செயற்கை எண்ணெயை ஊற்றினால் சில வேளை கசிவு தோன்றுவதுண்டு. எண்ணெய் ரப்பர் அடைப்புகளைத் தின்றுவிட்டது என்று பலர் அஞ்சுவர். உண்மையில், காய்ந்து வெடித்துப் போன அடைப்புகளை இதுகாறும் மூடியிருந்த கசடு கரைந்ததும், மறைந்திருந்த பழுது வெளியே தெரிகிறது. பழுதை உண்டாக்கியது எண்ணெயன்று. ஆயினும் செலவு நம்முடையதே. ஆதலால், பழைய வண்டியில் எண்ணெய் வகையை மாற்றுமுன் கசிவு உண்டா, புகை உண்டா என்று பட்டறையில் சோதித்துக் கொள்ளுதல் நன்று. தேய்ந்த எஞ்சினை எந்த விலையுயர்ந்த எண்ணெயும் புதிதாக்கிவிடாது.

மோட்டார் சைக்கிளுக்குக் கார் எண்ணெய் வேண்டா

காருக்கு வாங்கிய எண்ணெயில் மீதி இருந்தால் அதைக் 'கப்சாய்' மோட்டார் சைக்கிளில் ஊற்றிவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. இது தவறு. காரில் எஞ்சினுக்கு ஓர் எண்ணெய், கியருக்கு வேறோர் எண்ணெய். மோட்டார் சைக்கிளிலோ எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில் மூழ்கியுள்ளன. கார் எண்ணெயில் பெட்ரோல் சிக்கனத்துக்காகச் சேர்க்கப்படும் வழுவழுப்புப் பொருள்கள் கிளட்ச் தகடுகளை வழுக்கச் செய்யக் கூடும். மேட்டில் ஏறும்போது எஞ்சின் இரையும், வண்டி நகராது. மோட்டார் சைக்கிள் எண்ணெயில் 'ஜாசோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்ற ஜப்பானியத் தரக்குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். 'எம்.பி.' என்ற குறியுடையது, எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் இல்லாத ஸ்கூட்டர் வகைகளுக்கு உரியது. கப்சாய் வண்டி கொள்ளும் எண்ணெய் ஒரு லிட்டர் அளவே. ஆதலால் அது விரைவில் அழுக்கேறும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

போலி எண்ணெய் குறித்து எச்சரிக்கை

புகழ்பெற்ற நிறுவனங்களின் போத்தலில் மட்டமான எண்ணெயை அடைத்து விற்கும் கூட்டத்தார் நம் நாட்டில் பலமுறை பிடிபட்டுள்ளனர். வழக்கமான விலைக்கு மிகவும் குறைவாக எவரேனும் விற்றால் ஐயுற வேண்டும். மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா, அச்சு தெளிவாக உள்ளதா, உற்பத்தி எண் அழிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். பட்டறையில் நம் கண்முன்னே போத்தலைத் திறந்து ஊற்றச் சொல்வதில் கூச்சம் வேண்டா. தீர்ந்த போத்தலை முழுதாக வைத்தால் போலிக்காரர் கைக்குச் சேரக் கூடும். அதனை வெட்டிப் போடுதல் நன்று.

பற்றுச்சீட்டை வாங்கிப் பாதுகாத்தல் மிகவும் அவசியம். ஏமாற்றப்பட்டோம் என்று தெரிந்தால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அலுவலகத்தில் புகார் செய்யலாம். இழப்பீடு கோர விரும்புவோர் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றத்தை நாடலாம். அங்கே 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இன்றியே, ஐந்து வெள்ளிக் கட்டணத்தில் பதிவு செய்யலாம். பற்றுச்சீட்டு இருந்தால் வழக்கு வலுப்பெறும்.

வாரந்தோறும் ஐந்து நிமிடம்

எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதோடு நம் கடமை முடிவதில்லை. வாரம் ஒருமுறை காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். கம்பியில் உள்ள இரண்டு கோடுகளுக்கு இடையே எண்ணெய் நிற்க வேண்டும். குறைந்திருந்தால் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். மேற்கோட்டைத் தாண்டி நிரப்புதலும் கேடு. சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

எண்ணெய் கறுத்திருப்பது கண்டு அஞ்ச வேண்டா. அழுக்கைத் தன்னுள் ஏந்தும் தன் வேலையை அது செய்கிறது என்பதே பொருள். ஆனால், தேநீரில் பால் கலந்தது போல் வெளிறியிருந்தால், நீர் கலந்துவிட்டது. உடனே பட்டறைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஓடும்போது எண்ணெய்க் குவளை வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தால், 'வீடு போய்ச் சேர்ந்து பார்க்கலாம்' என்று ஓட்டுதல் பெருந்தவறு. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். கடைசி இரண்டு கிலோமீட்டரில்தான் பல எஞ்சின்கள் உயிரை விட்டிருக்கின்றன.

ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும், 'ஆயில் பில்டர்' எனப்படும் எண்ணெய் வடிகட்டியைப் பற்றிக் கையேடு சொல்வதையும் பின்பற்ற வேண்டும். புது எண்ணெயை அடைபட்ட வடிகட்டியின் வழியே செலுத்துவதால் பயன் இராது.

பழைய எண்ணெயை என் செய்வது?

வீட்டிலேயே எண்ணெய் மாற்றுவோர் பழையதைக் கால்வாயில் ஊற்றுவதும், வேலிக் கம்பங்களில் கறையான் அரிக்காமல் பூசுவதும் உண்டு. இரண்டையும் கைவிட வேண்டும். பழைய எஞ்சின் எண்ணெயில் உலோகத் துகள்களும், தோலில் தொடர்ந்து பட்டால் புற்றுநோயை விளைவிக்கக் கூடிய பொருள்களும் கலந்துள்ளன. கால்வாயில் ஊற்றியது ஆற்றில் சேர்கிறது. பூசியது மழையில் கழுவப்பட்டு நம் பிள்ளைகள் விளையாடும் மண்ணில் இறங்குகிறது. 2005-ஆம் ஆண்டு விதிமுறைகள் இதனைக் கட்டுப்பாட்டுக்குரிய கழிவுப் பொருளாக வகைப்படுத்தியுள்ளன. மூடியுள்ள பாத்திரத்தில் சேர்த்து, கழிவெண்ணெய் திரட்டும் பட்டறையில் ஒப்படைப்பதே முறை. கையில் பட்டால் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. காரின் கையேட்டில் உள்ள பாகுத்தன்மை எண்ணையும் தர எழுத்தையும் ஒரு தாளில் எழுதி வண்டியிலேயே வைத்திருங்கள். கையேடு இல்லையேல் அந்நிறுவனத்தின் சேவை நிலையத்தில் கேட்டறியுங்கள்.

2. புதிய வண்டிக்கும் டர்போ வண்டிக்கும் விதித்த எண்ணெயைத் தவிர வேறொன்றை ஊற்றாதீர்கள். விலை கூடினும் அதுவே சிக்கனம்.

3. இரண்டும் பொருந்தும் என்றால், எவ்வளவு தூரம் ஓட்டுகிறோம் என்று கணக்கிட்டு வகையைத் தேர்ந்தெடுங்கள்.

4. மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் குறித்து வையுங்கள்.

5. வாரந்தோறும் அளவுக் கம்பியைப் பாருங்கள்.

பால் வெட்டும் கத்தியைத் தீட்டாமல் காட்டுக்குச் செல்லும் தொழிலாளி எவரும் இலர். மழுங்கிய கத்தி பட்டையைக் காயப்படுத்தும், மரத்தின் ஆயுளைக் குறைக்கும் என்பதை நாம் நன்கு அறிவோம். பட்டையைக் காத்து வெட்டியவரின் நிரையில்தான் மரம் நெடுங்காலம் பால் சுரந்தது. எஞ்சினும் அதுபோன்றதே. ஐந்து ஆண்டுக் கடனில் வாங்கிய காரை, ஐந்து நிமிடச் சோம்பலால் இழந்துவிடலாகாது. அடுத்த முறை கடையில் நிற்கும்போது விலைச் சீட்டைப் பார்க்குமுன், நம் பையிலுள்ள தாளை எடுத்துப் பார்ப்போம். அதில் எழுதியுள்ள எண்ணைக் கேட்டு வாங்குவோம்.